பட்டன் தைக்கும் முறை: மறுபடி விழாமலிருக்க

பட்டன் விழுந்த சட்டையைக் கையில் எடுத்தவுடன் ஊசியில் நூல் கோக்க உட்கார்ந்துவிட வேண்டாம். பட்டன் இருந்த இடத்தை நல்ல வெளிச்சத்தில் ஒரு முறை பாருங்கள். அது ஏன் விழுந்தது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

துணியில் நூல் கொஞ்சமும் மிச்சமில்லாமல், ஊசி போன துளைகள் மட்டும் சுத்தமாகத் தெரிந்தால், நூலின் முனை சரியாகக் கட்டப்படவில்லை. மொத்தமும் உருவிக்கொண்டு போயிருக்கிறது. பஞ்சு பஞ்சாகப் பிரிந்த நூல் நுனிகள் நீட்டிக்கொண்டு நின்றால், பட்டன் துளையின் விளிம்பில் உரசி உரசி நூல் தேய்ந்து அறுந்திருக்கிறது. துணியே பிய்ந்து சிறு ஓட்டை விழுந்திருந்தால், பட்டனை இடைவெளியே இல்லாமல் இறுக்கித் தைத்திருக்கிறார்கள். நூல் தாங்கிக்கொண்டது, துணியால் தாங்க முடியவில்லை.

ஆயத்த ஆடைகளில் முதல் வகை நிறைய. பட்டன் தைக்கும் இயந்திரங்கள் பலவும் ஒற்றை நூலால் சங்கிலித் தையல் போடுபவை. ஒரு கண்ணியை அடுத்த கண்ணி பிடித்துக்கொண்டு நிற்கும். கடைசிக் கண்ணி நழுவினால் வரிசையாக எல்லாம் கழன்றுவிடும். புதுச் சட்டையின் பட்டனுக்குப் பின்னால் ஒரு நூல் தொங்குகிறதே என்று அதைப் பிடித்து இழுத்து, பட்டன் கையோடு வந்துவிட்ட அனுபவம் பலருக்கும் இருக்கும். அப்படித் தொங்கும் நூலை இழுக்கவும் கூடாது, ஒட்ட வெட்டவும் கூடாது. ஊசியில் கோத்து, உள்பக்கத்தில் இரண்டு சிறு தையல் போட்டு முடிச்சிட வேண்டும். நூல் மிகக் குட்டையாக இருந்தால் தனி நூலால் அதன் மேலேயே இரண்டு முறை தைத்துக் கட்டிவிடலாம்.

கையால் தைக்கும்போது நூல் ஒவ்வொரு முறையும் துணியைத் துளைத்துப் போய்வருகிறது. அதனால் ஓர் இழை அறுந்தாலும் மற்றவை அப்படியே நிற்கும். ஒழுங்காகக் கையால் தைத்த பட்டன் அந்த உடையின் ஆயுள் முழுவதும் விழாது என்று நான் உறுதியாகச் சொல்வேன். அதற்கு அதிக நூலோ அதிக பலமோ வேண்டாம். பட்டனுக்கும் துணிக்கும் நடுவில் சிறிது இடம் விட்டு, அந்த இடத்தில் நூலாலேயே ஒரு காம்பு அமைக்க வேண்டும். புதிதாகத் தைப்பவர்கள் விட்டுவிடுவது இதைத்தான்.

ஊசியும் நூலும்

கைத்தையல் ஊசிகளில் எண் கூடக் கூட ஊசி மெலிதாகும். சட்டை, ரவிக்கை போன்றவற்றுக்கு 7 முதல் 9 வரையிலான எண் பொருந்தும். கோட்டு, தடித்த கால்சட்டை ஆகியவற்றுக்கு அதைவிடத் தடித்த ஊசி, அதாவது சிறிய எண் தேவை. வாங்குவதற்கு முன்போ தைப்பதற்கு முன்போ ஊசியைப் பட்டனின் துளையில் விட்டுப் பாருங்கள். தாராளமாகப் போய்வர வேண்டும். தையல் ஏற ஏறத் துளைக்குள் இடம் குறையும். தொடக்கத்திலேயே இறுக்கமாகப் போகிற ஊசி கடைசித் தையலில் சிக்கிக்கொள்ளும்.

நூல் விஷயத்தில் ஒரு சோதனை போதும். ஒரு சாண் நூலை இரு கைகளாலும் பிடித்து வெடுக்கென்று இழுங்கள். சட்டென்று அறுந்தால் அது நாள்பட்ட நூல், பட்டனுக்கு ஆகாது. சாதாரண பாலியஸ்டர் தையல் நூலை இரட்டையாகக் கோத்தால் சட்டைக்குத் தாராளம். எம்பிராய்டரி நூல் பளபளப்பாக இருந்தாலும் முறுக்கு குறைந்தது, உரசலைத் தாங்காது.

நிறம் தேர்ந்தெடுக்கும்போது துணியின் நிறத்தைப் பார்க்காதீர்கள். அதே உடையில் மற்ற பட்டன்களைத் தைத்திருக்கும் நூலின் நிறத்தைப் பாருங்கள். நீலச் சட்டையில் எல்லாப் பட்டன்களும் வெள்ளை நூலில் இருக்க, ஒன்று மட்டும் நீல நூலில் இருந்தால் அதுவே கண்ணை உறுத்தும். சரியான நிறம் கிடைக்காவிட்டால் சற்று வெளிறியதைவிடச் சற்று அடர்ந்ததை எடுப்பது நல்லது.

நீளம், மடித்த பிறகு முழங்கையிலிருந்து விரல் நுனி வரை, ஏறத்தாழ 45 சென்டிமீட்டர். அதாவது 90 சென்டிமீட்டர் நூலை வெட்டி இரண்டாக மடிக்கிறீர்கள். அதற்கு மேல் நீண்டால் நூல் தன்னைத்தானே சுற்றி முடிச்சு விழும். தேன்மெழுகுக் கட்டி கிடைத்தால் அதன் மேல் நூலை இரண்டு முறை இழுத்து, ஒரு தாளுக்குள் மடித்து வைத்து இஸ்திரிப் பெட்டியால் ஒரு தேய்ப்புத் தேயுங்கள். மெழுகு நூலுக்குள் இறங்கிவிடும். அதன் பிறகு இரண்டு இழைகளும் ஒட்டிக்கொண்டு ஒன்றாகவே நகரும், சிக்கலும் குறையும். கோட்டுப் பட்டனுக்கு இதைத் தவறாமல் செய்யுங்கள். சட்டைக்கு விருப்பம்போல.

முடிச்சே இல்லாமல் தொடங்குவது

நூலின் ஒரு முனையை ஊசியில் கோத்து, இரு முனைகளையும் சேர்த்துப் பெரிய முடிச்சு போட்டுத் தொடங்குவதுதான் பெரும்பாலோர் வழக்கம். அதைவிடச் சுத்தமான வழி ஒன்று இருக்கிறது. நூலைச் சரிபாதியாக மடியுங்கள். இப்போது ஒரு பக்கம் இரண்டு வெட்டு முனைகள், மறுபக்கம் ஒரு வளையம். வெட்டிய இரு முனைகளையும் சேர்த்து ஊசிக் காதில் நுழையுங்கள். காதுக்குப் பின்னால் கைப்பிடி அளவு நூல் இருக்கட்டும்; வளையம் மறுகோடியில் தொங்கட்டும். துணியில் ஓர் அரிசி நீளத்துக்கும் குறைவான தையல் எடுத்து, நூலை முழுக்க இழுத்துவிடாமல், ஊசியை அந்த வளையத்துக்குள் நுழைத்து இழுங்கள். வளையம் துணியைப் பற்றிக்கொள்ளும். உருவவே உருவாது, உருண்டையாக எதுவும் தோலில் உறுத்தாது.

ஊசிக் காதில் நூல் நுழைய மறுத்தால், நூல் முனையைச் சாய்வாக வெட்டி, ஊசிக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். காது தெளிவாகத் தெரியும்.

இடம் குறிப்பது

பழைய நூல் துணுக்குகளை உள்பக்கத்திலிருந்து வெட்டி எடுத்துவிடுங்கள். அவற்றின் மேலேயே தைத்தால் அடியில் மேடு தட்டும், பட்டனும் சாய்ந்து நிற்கும். துணியில் பழைய துளைகள் தெரிந்தால் அதுதான் இடம். வேறு அளவெடுக்க வேண்டியதில்லை.

துளைகள் மறைந்திருந்தால், மேலேயும் கீழேயும் இருக்கும் பட்டன்களைப் போட்டுவிட்டு, உடையை மேசையில் சுருக்கமில்லாமல் பரப்புங்கள். பட்டன் நுழைகிற பிளவை, அதாவது காஜாவைப் பாருங்கள். செங்குத்துக் காஜா என்றால் அதன் நடுவில் குண்டூசியைக் குத்தி, அடியிலிருக்கும் பட்டியில் குறி வையுங்கள். கிடைமட்டக் காஜா என்றால் நடுவில் குறிக்கக் கூடாது. துணி விளிம்பை நோக்கியிருக்கும் ஓரத்தில் குறிக்க வேண்டும். உடலின் இழுப்பில் பட்டன் அந்த ஓரத்துக்குத்தான் நகர்ந்து நிற்கும். நடுவில் தைத்தால் உடையின் இரு பக்கமும் விலகி இடைவெளி விழும். சாதாரணமாகச் சட்டையின் முன்பக்கக் காஜாக்கள் செங்குத்தாகவும், காலர் பட்டியில் உள்ளது கிடைமட்டமாகவும் இருக்கும். ஆகவே ஒரே சட்டையிலும் இரண்டு விதமாகக் குறிக்க நேரலாம்.

துணி பிய்ந்திருந்தால் பட்டனுக்கு முன் அதைக் கவனியுங்கள். உள்பக்கம் நகத்தைவிடச் சற்றுப் பெரிதான அழுத்தமான துணித்துண்டு ஒன்றை வைத்து, ஓட்டையின் விளிம்புகளை நெருக்கமான சிறு தையல்களால் அதோடு சேர்த்துப் பிடியுங்கள். இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் கேன்வாஸ் துண்டு இருந்தால் வேலை இன்னும் சுலபம். அழகாக அமைய வேண்டிய அவசியமில்லை. எல்லாம் பட்டனுக்கு அடியில் மறைந்துவிடும். பிய்ந்த துணியில் நேரடியாகத் தைத்த பட்டன் சில சலவைகளுக்கு மேல் நிற்காது, அடுத்த முறை ஓட்டையையும் பெரிதாக்கிவிட்டுப் போகும்.

தைப்பது

துணியின் மேல்பக்கத்திலேயே தொடங்குங்கள், உள்பக்கத்தில் வேண்டாம். குறித்த இடத்தில் வளைய முறையில் நூலைப் பிடிக்க வைத்து, அதன் மேல் குறுக்காக இன்னொரு சிறு தையல் போடுங்கள். இந்த அடித்தையல் பட்டனுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். ஊசி பட்டியின் எல்லா மடிப்புகளையும் துளைத்து வந்திருக்கிறதா என்று உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். மேல் மடிப்பை மட்டும் பிடித்த தையலில் மொத்த இழுப்பும் ஒரே துணியின் மேல் விழும்.

இப்போது பட்டனை வைத்து, ஊசியை ஒரு துளை வழியே மேலே கொண்டுவாருங்கள். அடுத்த துளையில் இறக்குவதற்கு முன், பட்டனின் மேல் இரண்டு துளைகளுக்கும் நடுவே ஒரு தீக்குச்சியையோ பல்குத்தும் குச்சியையோ வையுங்கள். நூல் அந்தக் குச்சியின் மேலாகத் தாண்டி மறுதுளைக்குள் இறங்கட்டும். மெல்லிய துணிக்கு இன்னொரு தடித்த ஊசியையே குச்சியாக வைத்துக்கொள்ளலாம். முதல் இரண்டு தையல் வரை இடது கைக் கட்டைவிரல் பட்டனையும் குச்சியையும் சேர்த்துப் பிடித்திருக்க வேண்டும். அதன் பிறகு நூலே பிடித்துக்கொள்ளும்.

ஊசி ஏறும்போதும் இறங்கும்போதும் துணிக்குச் செங்குத்தாகப் போகட்டும். சாய்த்துக் குத்தினால் உள்பக்கத்தில் தையல்கள் அகலமாகச் சிதறும். ஒவ்வொரு முறையும் நூலைக் குச்சியின் மேல் படியும் வரை இழுத்தால் போதும். அதற்கு மேல் இழுத்தால் துணி சுருங்கும். இறங்கிய நூலை முழுவதும் இழுத்துவிட்டீர்களா என்றும் ஒவ்வொரு முறையும் அடியில் விரலால் தடவிப் பாருங்கள். உள்பக்கத்தில் தளர்ந்து நின்றுபோன ஒரு கண்ணிதான் பின்னால் எதிலாவது மாட்டி அறும்.

இரட்டை நூலில் ஒரு ஜோடித் துளைக்கு மூன்று அல்லது நான்கு தையல் போதுமானது. பத்துப் பன்னிரண்டு தையல் போட்டால் இன்னும் உறுதி என்று தோன்றும். அப்படி ஆகாது. துளை அடைத்துக்கொண்டு ஊசியே பழைய நூலைக் குத்திக் கிழித்துவிடும், துணியும் ஒரே இடத்தில் சல்லடையாகும்.

கடைசித் தையலில் ஊசியைக் கீழிருந்து துணி வழியாக மட்டும் மேலே கொண்டுவாருங்கள். பட்டனின் துளைக்குள் விட வேண்டாம். ஊசி பட்டனுக்கும் துணிக்கும் நடுவில் வெளியே எட்டிப் பார்க்க வேண்டும். குச்சியை உருவிவிட்டு, பட்டனை மெல்ல மேலே தூக்குங்கள். குச்சி பிடித்திருந்த தளர்வு முழுவதும் பட்டனுக்கு அடியில் இறங்கி, நூல் இழைகள் ஒரு கட்டாக நிற்பதைப் பார்ப்பீர்கள். அந்தக் கட்டைச் சுற்றி, பட்டனை ஒட்டி மேலிருந்து தொடங்கித் துணியை நோக்கி, நூலை ஐந்தாறு முறை நெருக்கமாகச் சுற்றுங்கள். இந்த இடத்தில் மட்டும் இறுக்கம் வேண்டும். தளர்ந்து கிடந்த இழைகள் விறைத்து நிமிர்ந்து ஒரே காம்பாகிவிடும்.

இந்தக் காம்பு இரண்டு வேலை செய்கிறது. பட்டனைப் போட்டதும் காஜா இருக்கும் பட்டி முழுவதும் பட்டனுக்கு அடியில் வந்து உட்கார வேண்டும். அதற்கான இடம் இதுதான். இடமில்லாவிட்டால் துணி குழிந்து சுருக்கம் விழும், ஒவ்வொரு அசைவிலும் பட்டன் துணியைப் பிய்க்கும். இன்னொன்று, இழைகள் தனித்தனியே காஜாவின் ஓரத்தில் உரசாமல் சுற்றிய நூல் அவற்றைக் காக்கிறது. தேய்ந்தால் முதலில் தேய்வது வெளிச்சுற்று; பட்டனைத் தாங்கும் இழைகள் உள்ளே பத்திரமாக இருக்கும். சட்டைக்கு 2 மில்லிமீட்டர் உயரம் போதும். கோட்டுக்குக் காஜா இருக்கும் பக்கத்தின் தடிமனை விரலிடுக்கில் பிடித்துப் பார்த்து, அதைவிடச் சற்றே கூடுதலாக விடுங்கள். அலங்காரத்துக்காக மட்டும் தைக்கிற, காஜாவே இல்லாத பட்டனுக்குக் காம்பு தேவையில்லை.

முடிப்பதற்கு, ஊசியைக் காம்பின் நடுவாக ஒரு முறை இடப்பக்கம், ஒரு முறை வலப்பக்கம் குத்தி எடுங்கள். சுற்றிய நூல் இனி பிரியாது. பிறகு ஊசியை உள்பக்கத்துக்கு இறக்கி, ஏற்கெனவே இருக்கும் தையல்களுக்கு அடியில் நுழைத்து, நூல் முழுவதும் போவதற்கு முன் உண்டாகும் வளையத்துக்குள் ஊசியை இரண்டு முறை விட்டு இழுங்கள். இதே முடிச்சை இன்னொரு முறை போடுங்கள். உடனே வெட்டிவிடாதீர்கள். ஊசியைத் துணியின் இரு மடிப்புகளுக்கு இடையே 1 சென்டிமீட்டர் தூரம் ஓட்டி வெளியே எடுத்து, அங்கே வெட்டுங்கள். நூல் முனை உள்ளே மறைந்துவிடும், சலவையில் முடிச்சு அவிழவும் வழியில்லை.

பட்டனைப் போட்டுப் பாருங்கள். சுற்றியுள்ள துணி தட்டையாகக் கிடந்தால் வேலை சரி. பட்டனைச் சுற்றிக் குழி விழுந்தால் காம்பு குட்டை. பட்டன் தலை தொங்கினால் காம்பு நீளம். இரண்டுக்குமே பிரித்துத் தைப்பதுதான் வழி.

பட்டனின் வகையைப் பொறுத்து

இரண்டு துளைப் பட்டனில் துளைகள் காஜாவின் திசையிலேயே அமைய வேண்டும். செங்குத்துக் காஜாவுக்குத் துளைகள் மேலும் கீழுமாக. அப்போதுதான் காம்பின் ஒடுங்கிய பக்கம் பிளவுக்குள் அடங்கும், காஜா வாய் பிளந்து நிற்காது.

நான்கு துளைப் பட்டனைப் பெருக்கல் குறியாகவும் தைக்கலாம், இணையான இரு கோடுகளாகவும் தைக்கலாம். மற்றப் பட்டன்கள் எப்படியோ அப்படியே தையுங்கள். எல்லாமே உங்கள் கையில் என்றால் நான் இணைக்கோடுகளையே சொல்வேன். பெருக்கல் குறியில் நூல்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நடுவில் மேடு தட்டும். ஒவ்வொரு முறை பட்டன் போடும்போதும் அந்த மேடுதான் முதலில் தேயும். இணைக்கோட்டில் இன்னொரு வசதியும் உண்டு. முதல் ஜோடியை முடித்ததும் பட்டனுக்கு அடியில் துணியில் ஒரு சிறு தையல் போட்டு நிறுத்திக்கொண்டு அடுத்த ஜோடிக்குப் போகலாம். ஒரு ஜோடி அறுந்தாலும் மற்றது பட்டனைக் காப்பாற்றும். நீங்களும் காணாமல் போவதற்கு முன் கவனித்துவிடலாம்.

அடியில் வளையத்தோடு வரும் பட்டனுக்குக் காம்பு அதிலேயே இருக்கிறது, குச்சி வேண்டாம். வளையத்தின் தட்டையான பக்கம் காஜாவின் திசையில் இருக்குமாறு வைத்து, வளையத்துக்குள் நான்கைந்து முறை தைத்தால் முடிந்தது. உலோக வளையமாக இருந்தால் உள்விளிம்பை விரலால் தடவுங்கள். கூர்மையாக உறுத்தினால் அது நூலை அறுக்கும். மெழுகிட்ட தடித்த நூலைப் பயன்படுத்துங்கள்.

கனமான கோட்டுக்கும் தோல் உடைக்கும் பின்பட்டன் வைப்பது நல்லது. துணியின் உள்பக்கத்தில், பட்டனுக்கு நேர் பின்னால், 10 மில்லிமீட்டர் அளவுள்ள தட்டையான சிறு பட்டனை வைத்து இரண்டையும் ஒரே தையலில் சேர்த்துத் தைக்க வேண்டும். இழுப்பைத் துணிக்குப் பதிலாகப் பின்பட்டன் ஏற்றுக்கொள்ளும். இரண்டிலும் துளைகளின் எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் தைப்பது சுலபம். தோலில் ஊசி போட்ட ஓட்டை மறையவே மறையாது; முடிந்தவரை பழைய துளைகள் வழியாகவே செல்லுங்கள்.

பின்னலாடையில் பட்டன் தைக்க முனை மழுங்கிய ஊசி தேவை. கூர் ஊசி இழையை அறுத்தால் அங்கிருந்து பின்னல் பிரியத் தொடங்கும். உள்பக்கம் ஒரு கேன்வாஸ் துண்டோ ரிப்பன் துண்டோ வைக்காமல் தைத்தால் துணி முன்னே இழுபட்டுத் தொங்கும். ஜீன்ஸ் கால்சட்டையின் இடுப்பில் இருக்கும் உலோகப் பட்டன் தைக்கப்படுவதில்லை; பின்னாலிருந்து ஆணி வைத்து அடிக்கப்படுவது. அது போனால் அதே வகைப் பட்டனை அடித்துப் பொருத்த வேண்டும்.

பட்டனே தொலைந்துவிட்டால்

முதலில் உடையின் உள்பக்கம், பக்கவாட்டுத் தையலில் இருக்கும் சலவைக் குறிப்புச் சீட்டையும் பட்டன் பட்டியின் அடிமுனையையும் பாருங்கள். உபரிப் பட்டன் அங்கே தைக்கப்பட்டிருக்கலாம். இல்லையென்றால், சட்டையின் கடைசிப் பட்டனை எடுத்துத் தொலைந்த இடத்தில் தைத்துவிட்டு, கடைசி இடத்தில் ஏறத்தாழ ஒத்துப்போகும் வேறு பட்டனை வையுங்கள். சட்டையை உள்ளே விட்டு அணிபவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

கடையில் வாங்குவதானால் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்துகொண்டு போங்கள். பட்டன் தொழிலில் லைன் என்ற அளவும் வழக்கத்தில் உள்ளது. 40 லைன் சேர்ந்தது ஓர் அங்குலம். சட்டையின் முன்பக்கத்துக்குப் பரவலாகப் பயன்படும் 18 லைன் பட்டன் சுமார் 11.5 மில்லிமீட்டர். விட்டத்தோடு தடிமனும் ஒத்துப்போக வேண்டும். காஜாவின் நீளம் பட்டனின் விட்டமும் தடிமனும் சேர்ந்த அளவுக்கு வெட்டப்படுவதால், அதே விட்டத்தில் தடித்த பட்டனை வாங்கினால் அது காஜாவில் சிக்கும், மெல்லியது தானாகக் கழன்றுவிடும்.

கைக்குழந்தைகளின் உடைக்குத் தைப்பதானால் விளிம்பு உடைந்த, விரிசல் விழுந்த பட்டனைத் தொடவே வேண்டாம். தைத்து முடித்ததும் பட்டனை விரல்களால் பற்றி நாலா பக்கமும் பலமாக இழுத்துப் பாருங்கள். கழன்ற பட்டன் நேரே வாய்க்குப் போய்த் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் வயது அது. சலவைக்குப் பின் உடையை மடிக்கும்போதெல்லாம் இதே சோதனையைச் செய்யுங்கள். காம்பு கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் அந்த உடையை ஒதுக்கிவைத்து, மறுபடி தைத்த பிறகே போட்டுவிடுங்கள்.